பத்துக்கு ஒன்பது அடி அறையில் கலம்காரித் துணி: எந்தச் சுவரில், எப்படித் தொங்கவிடுவது?

கேள்வி — வாடகை அறைவாசி

வணக்கம். சென்னையில் திருவான்மியூர்ப் பக்கம், மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றின் மேல்தளத்தில் வாடகைக்கு இருக்கிறேன். கடற்கரை நடந்து போகும் தொலைவில் இருப்பதால் காற்றுக்குக் குறைவில்லை. ஈரத்துக்கும் உப்புக்கும் கூடக் குறைவில்லை. என் படுக்கையறை கிழக்கு மேற்காகப் பத்து அடி, தெற்கு வடக்காக ஒன்பது அடி. சந்தன நிற டிஸ்டெம்பர் பூசிய வெற்றுச் சுவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டதால், தோழி ஒருவர் பரிசளித்த கலம்காரித் துணியைச் சுவரில் தொங்கவிடலாம் என்று நினைக்கிறேன். அது காளஹஸ்தியில் கையால் வரையப்பட்டது. 5 அடி அகலம், மூன்றரை அடி உயரம். நடுவில் குழலூதும் கண்ணனும், இருபுறமும் கோபியரும் பசுக்களும், சுற்றிலும் பூங்கொடிக் கரையும் இருக்கின்றன.

அறையின் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். கட்டில் வடகிழக்கு மூலையில் கிடக்கிறது. தலைமாடு கிழக்கே, ஒரு நீளப்பக்கம் வடக்குச் சுவரை ஒட்டி. கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. வடக்குச் சுவரில் மேற்கு ஓரமாகச் சன்னல் உள்ளது. சன்னலுக்கும் கிழக்கு மூலைக்கும் இடையே ஐந்தரை அடி காலியாக இருக்கிறது. தெற்குச் சுவரில் வாசற்கதவும், அதற்குப் பக்கத்தில் திறந்த கடப்பைக்கல் அலமாரியும் இருக்கின்றன. மேற்குச் சுவர் முழுவதும் காலி.

அதனால் மேற்குச் சுவரே சரி என்று முதலில் தோன்றியது. ஆனால் படுத்தால் கால் அந்தப் பக்கம்தான் நீளும். கண்ணன் படத்துக்கு நேரே கால் நீட்டுவதா என்று அம்மா கேட்கிறார். தலைமாட்டுக்கு மேலே மாட்டினால் குளியலறை ஈரம் துணியைக் கெடுக்குமோ என்று எனக்குப் பயம். வீட்டு உரிமையாளர் ஆணி அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறார். ஒட்டும் கொக்கிகளை வாங்கி ஒட்டிப் பார்க்கலாமா? இவ்வளவு பெரிய துணி சின்ன அறையை இன்னும் சின்னதாகக் காட்டிவிடாதா? அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் — அளவுநாடா

வணக்கம். வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்து கொடுப்பது என் தொழில் என்பதால் உங்கள் கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். பெரிய துணி சின்ன அறையைக் குறுக்கிக் காட்டும் என்பது பரவலான எண்ணம். நான் கண்டவரையில் அறையைக் குறுக்கிக் காட்டுபவை சின்னச் சின்னப் பொருள்கள்தான். நாலு சுவரிலும் ஒவ்வொன்றாக ஒரு தஞ்சாவூர்த் தட்டு, ஒரு நாட்காட்டி, இரண்டு புகைப்படச் சட்டம், ஒரு பொம்மைத் தோரணம் என்று மாட்டிய அறையில் கண் எங்கேயும் நிற்காமல் அலைந்துகொண்டே இருக்கும். ஒரே ஒரு பெரிய துணியை ஒரு சுவரில் மாட்டி, மற்ற மூன்று சுவர்களையும் சும்மா விட்டுவிட்டால், கண் நேரே அங்கே போய் நின்றுவிடும். அந்தச் சுவர் இருக்கும் தொலைவுக்கு அறையும் நீண்டு தெரியும். ஆகவே அளவைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள்.

எந்தச் சுவர் என்பதற்கு நான் வழக்கமாகப் பார்ப்பது, கதவைத் திறந்ததும் எதிரே தெரியும் சுவர் எது என்பதைத்தான். உங்கள் கதவு தெற்கில் இருக்கிறது. எதிரே தெரிவது வடக்குச் சுவர். அங்கே ஐந்தரை அடி காலியாக இருக்கிறது என்கிறீர்கள். துணி ஐந்தடி. பக்கத்துக்கு மூன்று அங்குலம்தான் மிஞ்சும் என்பதால், தனிச் சுவராக எண்ணினால் அது நெருக்கடிதான். ஆனால் சன்னல் திரையையும் துணியையும் சேர்த்து ஒரே வரிசையாகப் பாருங்கள். திரையில் பூவோ கோடோ இல்லாமல், கலம்காரியின் பின்னணி நிறத்தை ஒட்டிய, வெளுக்காத காடாத் துணியில் தைத்துக்கொண்டு, துணியின் மேல்விளிம்பைத் திரைக்கம்பியின் உயரத்துக்கே வைத்தால், பத்தடிச் சுவர் முழுவதும் ஒரே அமைப்பாகத் தெரியும். படுக்கை விரிப்பையும் ஒற்றை நிறமாக வைத்துக்கொள்ளுங்கள். கலம்காரிக்குக் கீழே பூப்போட்ட ஜெய்ப்பூர் விரிப்பை விரித்தால், ஒன்றின் அழகை மற்றொன்று தின்றுவிடும்.

வடக்குச் சுவருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. துணியில் வெயில் படக் கூடாது என்பது தெரிந்ததுதான். ஒரு சன்னல் வழியாக வரும் வெயில், அந்தச் சன்னல் இருக்கும் அதே சுவரின் உட்புறத்தில் ஒருபோதும் நேராக விழ முடியாது. சென்னையில் வைகாசி, ஆனி மாதங்களில் சூரியன் உச்சிக்கு வடக்கே போய்விடுவதால், வடக்குச் சன்னல் வழியாகவும் காலையிலும் மாலையிலும் சாய்வெயில் உள்ளே வரும். ஆனால் அது உங்கள் மற்ற சுவர்களில்தான் விழும். அம்மா சொன்ன கவலையும் இதிலேயே தீர்ந்துவிடுகிறது, ஏனென்றால் படுக்கும்போது கண்ணன் காலடியில் இல்லாமல் பக்கவாட்டில் இருப்பார்.

உயரத்தைப் பற்றி ஒரு சொல். ஓவியக் கூடங்களில் படத்தின் நடுப்பகுதி தரையில் இருந்து ஏறத்தாழ 57 அங்குலத்தில் இருக்குமாறு மாட்டுவார்கள். நின்று பார்ப்பவரின் கண்மட்டம் அது. அந்தக் கணக்கு கட்டிலின் பக்கச் சுவருக்குப் பொருந்தாது. அங்கே நீங்கள் சாய்ந்து உட்காருவீர்கள். தலையெண்ணெய்க் கறை பட்டால் கையால் வரைந்த துணியில் இருந்து அதை எடுப்பது கடினம். மெத்தையின் மேல்மட்டத்தில் இருந்து இரண்டு அடி விட்டுத் துணியின் கீழ்விளிம்பு தொடங்கட்டும். மெத்தை தரையில் இருந்து இரண்டு அடி என்று வைத்துக்கொண்டால், கீழ்விளிம்பு நான்கு அடியிலும் மேல்விளிம்பு ஏழரை அடியிலும் வரும். சன்னலின் லிண்டல் பெரும்பாலும் ஏழு அடியில் இருப்பதால், திரைக்கம்பியும் அந்த ஏழரை அடியை ஒட்டித்தான் இருக்கும்.

பதில் — செங்கல் மேஸ்திரி

அளவுநாடா சொன்ன வடக்குச் சுவரைப் பற்றி எனக்கு ஒரு தயக்கம் உண்டு. சென்னைக்குப் பெருமழை வருவது வடகிழக்கில் இருந்து. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்றோடு சேர்ந்து மழை வடக்குச் சுவரிலும் கிழக்குச் சுவரிலும்தான் அறையும். வெளிப்பூச்சில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும், அதன் வழியே உறிஞ்சிய நீர் உட்புறத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். மேல்தளம் என்பதால் மொட்டைமாடித் தளவரிசையில் இருந்தும் நீர் இறங்கலாம். ஆகவே வர்ணத்தையும் அழகையும் பார்ப்பதற்கு முன் சுவரைப் பாருங்கள். டிஸ்டெம்பர் பொரிந்து உதிர்கிறதா, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா, சுவரைத் தட்டினால் பூச்சு பொள்ளலாக ஒலிக்கிறதா என்று கவனியுங்கள்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் எளிய சோதனை ஒன்று உண்டு. ஓரடிச் சதுரமான கனத்த பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் நாடா ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவரைத் தொடும் பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். சன்னலைத் திறந்து வைத்தாலே பெரும்பகுதி சரியாகும். சோதனையை மழைக்காலத்தில் செய்தால்தான் பயன். சித்திரை வெயிலில் எந்தச் சுவரும் நல்ல சுவராகவே காட்டும். கிழக்குச் சுவரில் இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம். குளியலறைக் குழாய்கள் பெரும்பாலும் சுவருக்குள்தான் ஓடும். இன்று நன்றாக இருந்தாலும் நாளைக்கு ஒரு இணைப்பு கசியும்.

மேற்குச் சுவரைப் பொறுத்தவரை, அது ஈரமில்லாத சுவர்தான். ஆனால் 9 அங்குலச் செங்கல் சுவர் பிற்பகலில் வாங்கிய வெயிலைச் சில மணி நேரம் கழித்து, நீங்கள் படுக்கப் போகும் நேரத்தில்தான் உள்ளே விடும். துணியை மாட்டினால் சூடு தணியும் என்று சிலர் சொல்வார்கள். மெல்லிய பருத்தித் துணி தடுக்கும் சூடு மிகக் கொஞ்சம். அதற்காக ஒரு நல்ல துணியைத் தினமும் வாட்ட வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுச் சத்தம் குறையும் என்றும் சொல்வார்கள். உங்கள் அறைக்குள் எழும் எதிரொலி கொஞ்சம் குறையும், கனத்த துணியாக இருந்தால் இன்னும் குறையும். சுவரைத் தாண்டி வரும் சத்தத்தைத் துணி நிறுத்தாது.

ஒட்டும் கொக்கியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பளபளப்பான எனாமல் பூச்சிலும் டைல்ஸிலும் அது நிற்கும். டிஸ்டெம்பர் சுண்ணாம்புத் தூள் போன்றது. கொக்கி சுவரைப் பிடிக்காமல் பூச்சின் மேல்தோலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் ஒரு நாள் தோலோடு உரிந்து விழும். பிறகு அந்தத் தழும்புக்கும் உரிமையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எதையும் ஒட்டாமல், துளைக்காமல் செய்ய ஒரு வழி இருக்கிறது. கட்டில்தான் சுவரை ஒட்டிக் கிடக்கிறதே. கொசுவலைக்குக் கம்பி நடுவது போல, சுவர்ப் பக்கத்துக் கட்டில் கால்கள் இரண்டிலும் ஏழரை அடி உயரமுள்ள மூங்கில் கழிகளையோ அலுமினியக் குழாய்களையோ இறுக்கிக் கட்டி, மேலே ஒரு குறுக்குக் கழி போட்டுவிடுங்கள். துணி அந்தக் குறுக்குக் கழியில் தொங்கும். ஒரு கழி சன்னல் ஓரத்தில் கொஞ்சம் ஏறும், திரைக்குள் மறைந்துவிடும். துணிக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றிரண்டு அங்குல இடைவெளி தானாகவே கிடைப்பதால் காற்று ஓடும், பூஞ்சை பிடிக்காது. கொசுவலை வேண்டுமென்றால் அதையும் அதே கழியில் கட்டலாம்; உங்கள் ஊர்க் கொசுவுக்கு எப்படியும் அது வேண்டியிருக்கும்.

பதில் — பஞ்சும் சாயமும்

மேஸ்திரி ஐயா சொன்ன மூங்கில் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. துணிகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவள் என்ற முறையில், துணியைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

காளஹஸ்திக் கலம்காரி உருவாகும் விதம் தெரிந்தால், அதை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் விளங்கும். காடாத் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் ஊறவைத்துக் காயவைப்பார்கள். வெல்லத்தையும் துருப்பிடித்த இரும்பையும் நீரில் புளிக்கவைத்து எடுத்த சாற்றை மூங்கில் குச்சியில் தொட்டு எழுதினால், அது கடுக்காயோடு சேர்ந்து கறுப்புக் கோடாக மாறும். சிவப்பு வர வேண்டிய இடங்களில் படிகார நீரைப் பூசி, பிறகு செஞ்சாயத்தில் கொதிக்கவைப்பார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிலைக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஓடும் நீரில் அலச வேண்டும். சுவர்ணமுகி ஆற்றங்கரையில் இந்தத் தொழில் வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். மஞ்சளும் நீலமும் கடைசியில் வரும். பச்சை என்பது பெரும்பாலும் மஞ்சளின் மேல் நீலம் ஏற்றியது.

இதில் இரண்டு பலவீனங்கள் இருக்கின்றன. முதலாவது மஞ்சள். இயற்கைச் சாயங்களில் வெளிச்சத்துக்கு முதலில் தோற்பது மஞ்சள்தான். ஐரோப்பாவின் பழைய அரண்மனைகளில் தொங்கும் நெசவுச் சித்திரங்களில் மரங்களெல்லாம் நீலமாகத் தெரிவதற்குக் காரணம், பச்சையில் இருந்த மஞ்சள் காலப்போக்கில் வெளுத்து, அவுரியைப் போன்ற நீலம் மட்டும் எஞ்சியதுதான். உங்கள் கோபியர் பின்னால் இருக்கும் இலைகளுக்கும் அதே கதி வரலாம். அருங்காட்சியகங்களில் துணிகளுக்கு 50 லக்ஸ் அளவுக்குத்தான் வெளிச்சம் அனுமதிப்பார்கள். பகலில் ஒரு சன்னலோரத்தில் அதைப்போலப் பல மடங்கு வெளிச்சம் இருக்கும். வீட்டில் அந்த அளவுக்குக் கட்டுப்பாடு முடியாது, தேவையும் இல்லை. நேர்வெயில் படாமலும், மஞ்சள் குண்டு பல்பை நெருக்கத்தில் வைத்துச் சூடேற்றாமலும் இருந்தால் போதும். எல்.இ.டி. விளக்கில் புற ஊதாக் கதிர் மிகக் குறைவு என்பதால், துணிக்கு அருகில் விளக்கு வேண்டுமென்றால் அதையே பயன்படுத்துங்கள்.

இரண்டாவது பலவீனம் கறுப்பு. இரும்பும் கடுக்காயும் சேர்ந்த அந்தக் கறுப்பு, ஈரக்காற்றில் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். மிகப் பழைய கலம்காரிகளில் சிவப்புப் பகுதி உறுதியாக இருக்க, கறுப்புக் கோடு ஓடும் இடத்தில் மட்டும் துணி இற்றுக் கிழிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே ஈரமில்லாத சுவர், பின்னால் காற்றோட்டம் என்று மேஸ்திரி சொன்ன இரண்டும் அலங்காரக் குறிப்புகள் அல்ல. அவற்றைப் பொறுத்துத்தான் துணியின் ஆயுள் இருக்கிறது.

தொங்கவிடும் முறைக்கு வருகிறேன். ஐந்தடிக்கு மூன்றரை அடிப் பருத்தித் துணி அரைக் கிலோகூட வராது; எனவே எடையைப் பற்றிப் பயமில்லை. பயப்பட வேண்டியது எடை ஒரே புள்ளியில் விழுவதைத்தான். இரண்டு மூலைகளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் நடுப்பகுதி தொய்ந்து, மூலைகள் இழுபட்டு, சில மாதங்களில் துணி கோணிவிடும். துணியின் பின்பக்கம், மேல்விளிம்பு நெடுக, நான்கு அங்குல அகலமுள்ள வெள்ளைப் பருத்திப் பட்டையைக் கையால் தைத்து, கழி நுழையும் அளவுக்குக் குழல் போல விட்டுவிடுங்கள். ஓவியத் துணியையே மடித்துத் தைக்காதீர்கள். கரை மறைந்துவிடும், பிறகு பிரித்தால் தையல் தடமும் இருக்கும். தையற்காரரிடம் கொடுத்தால் இயந்திரத்தில் ஓட்டிவிடுவார் என்பதால், நீங்களே இடைவெளி விட்டுத் தைப்பது நல்லது. கீழ்விளிம்பு சுருண்டால், அங்கேயும் அதுபோலப் பட்டை தைத்து, மெல்லிய மூங்கில் சிம்பு ஒன்றைச் செருகுங்கள். கடற்கரைப் பக்கம் என்பதால் இரும்புக் கம்பி, சாதாரணக் குண்டூசி, கறுப்பு ஆணி எதுவும் துணியில் படக் கூடாது, துருக்கறை எடுபடாது. மூங்கிலையும் அப்படியே வைக்காமல், ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிய பிறகு நுழையுங்கள்.

கண்ணாடிச் சட்டம் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். துணி கண்ணாடியைத் தொடும்படி சட்டம் போட்டால், நம் ஊர் ஈரத்துக்கு உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடிக்கும் துணிக்கும் இடைவெளி விட்டுச் செய்பவர்கள் உண்டு. ஐந்தடி அகலத்துக்கு அது எடையும் செலவும் கூடிய வேலை, ஆணி அடிக்காத வீட்டில் அதை மாட்டவும் முடியாது.

துவைப்பதைக் கூடியவரை தவிர்த்துவிடுங்கள். மாதம் ஒருமுறை துணியின் மேல் நைலான் வலை ஒன்றை வைத்து, வாக்வம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் ஓட்டினால் தூசி வந்துவிடும். அது இல்லையென்றால் மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டலாம். ஐப்பசி பிறந்ததும் துணியை இறக்கி, மடிக்காமல் ஒரு குழாயில் சுருட்டி, வெள்ளை வேட்டித் துணியில் பொதிந்து வைத்துத் தை மாதத்தில் மீண்டும் மாட்டினால் இன்னும் நல்லது. மழைக்கும் தப்பும், சாயத்துக்கும் ஓய்வு கிடைக்கும். பொதியின் வெளிப்புறத்தில் வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து வைத்தால் இராமபாணப் பூச்சி அண்டாது.

பதில் — காவிரிக்கரை

அம்மா, மேலே உள்ளவர்கள் எல்லாம் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். கும்பகோணத்துக்காரன் என்பதால், நம் பக்கத்துத் துணிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல ஆசை. கலம்காரி என்றாலே காளஹஸ்தியும் மசூலிப்பட்டினமும் மட்டும்தான் நினைவுக்கு வருகின்றன. தஞ்சாவூர் மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கருப்பூர்க் கலம்காரி இன்றும் எழுதப்படுகிறது. 2021-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அரியலூர் மாவட்டத்துக் கோடாலிக்கருப்பூரில் தஞ்சை மராத்திய அரச குடும்பத்துக்குச் சரிகையும் சாயமும் சேர்த்து உருவாக்கிய புடவைகளின் பெயர்தான் இதற்கும் நிலைத்தது. இன்று அங்கே வரைபவை பெரும்பாலும் கோயிலுக்குரியவை: தொம்பை, வாசல்மாலை, தோரணம், மேற்கட்டி, தேர்ச்சீலை.

இவற்றில் எது சின்ன அறைக்கு ஆகும் என்று கேட்டால், தொம்பை ஆகவே ஆகாது. உருளை வடிவில், மண்டபத்தின் உயரத்துக்கும் தேரின் உயரத்துக்கும் ஏற்பத் தொங்குவதற்கென்று செய்தது அது. பத்தடி உயர அறையில் மின்விசிறிக்குப் பக்கத்தில் அதைத் தொங்கவிட்டுத் தலையில் இடித்துக்கொள்வானேன்? அலங்காரக் கடைகளில் இப்போது குட்டித் தொம்பைகள் விற்கிறார்கள். அவை எனக்கு உவப்பில்லை. வாசல்மாலை வேறு விதம். மேலே ஒரு குறுகிய பட்டையும் இரு பக்கமும் இறங்கும் வால்களுமாக இருக்கும் அது, கதவு நிலைக்கும் அலமாரித் திறப்புக்கும் அளவெடுத்தது போலப் பொருந்தும், இடத்தையும் அடைக்காது.

அந்தக் கடப்பைக்கல் அலமாரியைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. பத்துக்கு ஒன்பது அறையில் கண்ணை உறுத்துவது வெற்றுச் சுவரைவிட அந்தத் திறந்த அலமாரியில் அடுக்கியிருக்கும் துணிமணியும் டப்பாவும்தான் என்று நினைக்கிறேன். அதன் முன்னால் ஒரு துணியைத் தொங்கவிட்டால் அறை பாதி ஒழுங்காகிவிடும். அலமாரியின் இரண்டு பக்கச் சுவர்களுக்கு நடுவே, ஆணி இல்லாமல் அழுத்தத்தில் நிற்கும் ஸ்பிரிங் கம்பிகள் கிடைக்கின்றன. மூன்று நான்கு அடி அகலத்துக்கு அவை தாராளமாகத் தாங்கும். உங்கள் கலம்காரியையே அங்கே மாட்டிவிடலாமே என்பது என் எண்ணம்.

கனமான துணிதான் வேண்டும் என்பவர்களுக்குப் பவானி ஜமுக்காளமும் இருக்கிறது. பட்டை பட்டையாக ஓடும் அதன் சிவப்பும் பச்சையும் வெள்ளைச் சுவரில் எடுப்பாக இருக்கும். ஆனால் பெரிய ஜமுக்காளம் சில கிலோ எடை வரும். ஆணி அடிக்க முடியாத உங்கள் வீட்டில் அதைச் சுவரில் ஏற்றுவதைவிடத் தரையில் விரிப்பதே மேல்.

பதில் — பஞ்சும் சாயமும்

காவிரிக்கரை ஐயாவிடம் ஒரே ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். அலமாரிக்கு மறைப்பு வேண்டும் என்பது முற்றிலும் சரி. ஆனால் அந்த இடத்தில் கையால் வரைந்த துணி வேண்டாம். நாளில் பல தடவை கை பட்டு விலக்குவோம். குளித்துவிட்டு ஈரக்கையோடும், முகத்துக்கு எண்ணெய் தடவிய விரலோடும் தொடுவோம். எதிரே வடக்குச் சன்னல் இருப்பதால், பகல் வெளிச்சமும் தெற்குச் சுவரில் அதிகம் படும். அங்கே மசூலிப்பட்டினத்து அச்சுக் கலம்காரியை மீட்டர் கணக்கில் வாங்கித் தைத்து மாட்டுங்கள். மரக்கட்டை அச்சால் பதித்த துணி என்பதால் விலை குறைவு, முதல் சில தடவை தனியாகத் துவைத்தால் போதும், வெளுத்துப்போனால் மாற்றிக்கொள்ளலாம். ஒரு கவனம் மட்டும் வேண்டும். இரண்டு கலம்காரிகள் நேருக்கு நேர் வருவதால், அச்சுத் துணியில் சின்னஞ்சிறு பூக்கள் உள்ளதையோ வெறும் கோடுகள் உள்ளதையோ பாருங்கள். அதிலும் மயிலும் யானையும் இருந்தால், முதல் பதிலில் அளவுநாடா எச்சரித்த அலைச்சல் திரும்ப வந்துவிடும்.

கேள்வி கேட்டவர் — வாடகை அறைவாசி

எல்லோருக்கும் மிக்க நன்றி. வடக்குச் சுவர், மூங்கில் கழி என்று முடிவு செய்துவிட்டேன். சுவரைத் தட்டிப் பார்த்ததில் சன்னலின் மேல்மூலையில் ஒரு கையகலத்துக்கு மட்டும் பொள்ளலாக ஒலிக்கிறது. துணி வரும் பகுதி கெட்டியாக இருக்கிறது. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பார்த்துவிடுகிறேன். துணியின் ஒரு மூலையை விரித்து அம்மாவிடம் காட்டி, கண்ணன் எந்தப் பக்கம் வருவார் என்று விளக்கியதும் அவருக்கும் நிறைவு.

இன்னொன்று கேட்க வேண்டும். அலமாரிக்கு அச்சுக் கலம்காரிக்குப் பதிலாக, பாட்டியின் பழைய காஞ்சிபுரம் பட்டுப்புடவையின் முந்தானையைத் தொங்கவிடலாமா? புடவை உடம்பில் இரண்டு மூன்று இடத்தில் மடிப்பில் விட்டுவிட்டது. இனி உடுத்த முடியாது. முந்தானை மட்டும் நன்றாக இருக்கிறது. வெட்டி எடுக்க மனம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் — பஞ்சும் சாயமும்

வெட்ட வேண்டாம். மடிப்பில் விட்டுப்போன பட்டு என்றால் நூல் முழுவதுமே வலுவிழந்திருக்கிறது என்று பொருள். முந்தானையில் சரிகை கூடுதல் என்பதால், அந்த எடையைத் தாங்க வேண்டிய பட்டு நூல் இன்னும் விரைவில் விடும். தினமும் இழுத்து விலக்கும் அலமாரித் திரைக்கு அது ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாண்டாது.

சுவரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால், கலம்காரியை இறக்கி வைக்கும் அந்த மாதங்களில் அதே மூங்கில் கழியில் புடவையை மாட்டலாம். அதற்குமுன் சுவரில் ஈரமில்லை என்று பிளாஸ்டிக் தாள் சோதனையில் உறுதியாகிவிட வேண்டும். கழியில் தடித்த பருத்தித் துண்டு ஒன்றைச் சுற்றி, புடவையைக் குறுக்கே போட்டு, முந்தானை முன்பக்கம் மூன்றடி இறங்கும்படியும் மீதி உடம்பு பின்பக்கம் ஒரு வெள்ளைத் துணித் தொட்டிலில் சுருண்டு உட்காரும்படியும் விடுங்கள். தொட்டிலின் இரண்டு நுனிகளையும் கழியிலேயே முடிந்துவிட்டால், புடவையின் எடையைத் தொட்டில் தாங்கும். முந்தானை தன் எடையை மட்டும் தாங்கினால் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழியின் மேல் படியும் இடத்தை ஓர் அங்குலம் மாற்றி வையுங்கள், ஒரே இடத்தில் மடிப்பு விழாது. பொங்கலுக்கு முன் எடுத்து, நிழலில் ஒரு பகல் காற்றாட விட்டு, பழைய மடிப்புகள் மேல் மீண்டும் மடியாமல் சுருட்டி வைத்துவிடலாம்.

அலமாரிக்கு அச்சுத் துணியையே வாங்குங்கள். அகலத்தை அளக்கும்போது, திறப்பைப் போல ஒன்றரை மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். சுருக்கம் விழுந்தால்தான் திரை நன்றாக மூடும்.